மூளைப் பயிற்சிக் கருவி வாங்குமுன்

(பெற்றோர் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

சென்ற மாதம் ஒரு சகோதரி நம் அலுவலகத்திற்கு வந்தார். மகன் ஐந்தாம் வகுப்பு; கணக்கு வரவில்லை. துபாயிலிருந்து வரும் தம்பியிடம் மூளைப் பயிற்சி விளையாட்டுக் கருவி வாங்கிவரச் சொல்ல வேண்டும், கல்வி நிதியில் கடன் கிடைக்குமா என்று கேட்டார். இல்லையென்றால் காதுத் தோட்டை அடகு வைப்பதாகச் சொன்னார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

இத்தகைய விளையாட்டுகளைப் பிரபலமாக்கியது ஜப்பானின் நின்டெண்டோ. தொஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரியூதா கவாஷிமாவின் பெயரில் 2005-இல் வெளியிட்டது. விரைந்து சிறு கணக்குகள் போட வேண்டும். உரக்க வாசிக்க வேண்டும். முடிவில் 'மூளையின் வயது' இவ்வளவு என்று கருவி சொல்லும். அது முதலில் பெரியவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது.

தினமும் விளையாடினால் அதில் மதிப்பெண் ஏறும். அந்தத் தேர்ச்சி பாடத்திற்கும் வருமா என்பதே கேள்வி. 2010-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில் 11,430 பெரியவர்கள் கலந்துகொண்டார்கள். ஆறு வாரம் கணினியில் பயிற்சி செய்தவர்கள் பழகிய விளையாட்டில் முன்னேறினார்கள். பழகாத சோதனைகளில் அதன் பயன் தெரியவில்லை. பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தில் பத்து வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தபோது, தர்க்கத் தேர்வில் கருவி வைத்திருந்தவர்கள் முன்னேறிய அளவுக்குத் தாளும் பென்சிலும் வைத்திருந்தவர்களும் முன்னேறினார்கள்.

இதில் வியப்பில்லை. மதரஸாவில் அரபி வினைச்சொல் வாய்பாடுகளை நாள்தோறும் ஒப்பித்தேன், வினைச்சொல் வந்தது. கல்லூரியில் புள்ளியியலைத் தனியாகத்தான் படிக்க வேண்டியிருந்தது.

எனவே கடன் கொடுக்கவில்லை. மஃரிபுக்குப் பின் நடக்கும் நம் இலவச டியூஷனுக்குப் பையனை அனுப்பச் சொன்னோம். ஏழாம் வாய்பாட்டில் தடுமாறுகிறான், அதனால்தான் வகுத்தல் வரவில்லை என்று ஆசிரியர் முதல் நாளே கண்டுபிடித்தார். மூளையின் வயதைச் சொல்லும் கருவி இதைச் சொல்லியிருக்காது.

வீட்டில் ஏற்கெனவே கருவி இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். விளையாட்டாக, நேரம் வைத்து விளையாடட்டும். படிப்புக்காக என்று புதிதாகக் கடன்பட வேண்டாம். தினமும் கால் மணி நேரம் பிள்ளையின் நோட்டைத் திறந்து பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குப் பாடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எங்கே தடுமாறுகிறான் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். மற்றதை டியூஷனில் பார்த்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.

அந்தச் சகோதரியின் தோடு அவர் காதிலேயே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாம்.