பூமிக்கு அடியில் பார்த்தவர் யார்?

(கள்ளக்குறிச்சிக் கூட்டத்தில் பேசியது)



கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் தோழர்களும் இங்கு இருக்கிறார்கள். மலை அசையுமா என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் 2004ஆம் வருஷம் டிசம்பர் 26ந் தேதி காலையில் அந்த மலை ஒன்றிரண்டு விரற்கடையாவது ஏறி இறங்கிற்று. மெதுவாக அசைந்தபடியால் பலருக்குத் தெரியவில்லை.

ஏன் அசைந்தது? ஆதிசேஷன் தலை மாற்றினான் என்கிறார்கள் நம் புராணிகர்கள். அதலம் முதல் பாதாளம் வரை ஏழு லோகத்துக்கும் அவர்களிடம் கணக்கு உண்டு. ஆனால் ருஷியாவில் வருஷக்கணக்காகத் துளைபோட்டும் மனிதன் எட்டிய ஆழம் சுமார் 12 கிலோமீட்டர்தான். பூமியின் மையமோ 6,370 கிலோமீட்டருக்குக் கீழே. அப்படியானால் விஞ்ஞானிகள் மட்டும் எப்படிக் கண்டார்கள் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

சந்தையில் பானை வாங்குகிற நம் தாய்மார்கள் அதைத் தட்டிப் பார்க்கிறார்களே, அதே வித்தைதான். பூமியைத் தட்டுவது பூகம்பம். கேட்கிற காது கருவி. 1897 ஜூன் 12இல் அஸ்ஸாமில் பெரும் பூகம்பம் நடந்தது. இந்திய நிலவியல் இலாகாவில் வேலை பார்த்த ஓல்தாம் என்பவர் அதை ஆராய்ந்து, முதலில் ஒரு அலை, பிந்தி ஒன்று, கடைசியில் மேற்பரப்போடு வருவது ஒன்று என மூன்றைப் பிரித்தறிந்தார். இரண்டாவது அலை திரவத்துக்குள் போகாது.

வேகத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி வழியாகத் தியாகதுருகம் போகும் கரும்பு வண்டி ஒரு மணி நேரம் பிந்தி வருகிறது. வழியில் எங்கோ சேறு. எங்கே என்று தெரியாது. சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி வழியாகத் தெற்கே போகும் வண்டியும் தாமதம். மற்ற ரோடுகளில் போனவை எல்லாம் வேளைக்கு வந்துவிட்டன. சேறு இந்த ஊரில்தான் என்று பார்க்காமலே சொல்லலாம் அல்லவா? (சிரிப்பு)

அலைகளும் அப்படியே. குளிர்ந்த பாறையில் விரைந்தும், சுட்டு இளகிய பாறையில் தயங்கியும் போகும். ஆயிரக்கணக்கான பூகம்பங்களின் அலைகள் எந்தக் கருவிக்கு எத்தனை நொடி முந்தின, பிந்தின என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டு, உள்ளே இருப்பதைப் படமாகவே வரைகிறார்கள்.

அந்தமான், சுமத்ராவுக்குக் கீழே அப்படி வரைந்த படத்தில் பாம்பு இல்லை. நாம் குடியிருக்கும் இந்தியத் தட்டின் கடல்பக்கத்து ஓரம், குளிர்ந்த பாளமாகச் சரிந்து, கவசம் என்கிற உள்பகுதிக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இறங்கியிருக்கிறது. அதில் அலை விரைகிறது. அதற்கு மேலே உள்ள சூடான பகுதியில் தயங்குகிறது. இறங்கும் பாளம் கடல்நீரைத் தன் பாறையிலேயே அடக்கிக் கொண்டுபோய் ஆழத்தில் வெளிவிட, அந்த நீர் பட்ட சூடான பாறை எளிதில் உருகுகிறது. உருகியது மேலே வந்து கக்குமிடம்தான் அந்தமானின் பாரன் தீவு எரிமலை. எந்தப் பாதாள லோகத்திலாவது இந்த விவரம் உண்டா?

பாளம் இறங்கும்போது மேல்தட்டோடு சிக்கி நிற்கும். நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த இறுக்கம் 2004இல் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அவிழ்ந்தது. கடல்தரை தூக்கப்பட்டது, தண்ணீர் புறப்பட்டது. அதைப் பாவத்தின் பலன் என்று பேசியவர்களும் உண்டு. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அதிலே கைக்குழந்தைகள் எத்தனை! அவை செய்த பாவம் என்ன? இந்தப் பேச்சு புதிதுமல்ல. 1934இல் பீகார் பூகம்பத்தைத் தீண்டாமைப் பாவத்துக்குத் தண்டனை என்று திருநெல்வேலியில் சொன்னவர் காந்தியார். தீண்டாமை அக்கிரமம்தான்; அதற்காகப் பூமி நீதிபதியாகிவிடுமா? தாகூரே இதை மறுத்தார்.

உண்மையான குற்றம் வேறு. முதல் அலை வினாடிக்கு சுமார் எட்டு கிலோமீட்டர் வேகத்தில் கல்வராயன் மலையடியை நாலைந்து நிமிஷத்தில் தாண்டிவிட்டது. கடல் நாகைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை நேரம் இருந்தும் கரைக்காரனுக்குச் சொல்ல ஆளில்லை, ஏற்பாடில்லை. கொடைக்கானலில் 1899இலேயே பூகம்பக் கருவி வைத்த நாடு இது! கோயில் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிக்க மட்டும் ஆள் இருந்தது.

2007இல்தான் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. இப்பொழுது அலை வந்து தொட்ட சில நிமிஷங்களில் இடமும் அளவும் கணக்கிட்டுச் செய்தி அனுப்புகிறார்கள்.

மலைக்குப் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது. கேள்வி கேட்க வேண்டியவர்கள் இப்பொழுதே எழுந்து கேட்கலாம்.