பழகிப்போன குறைகள்

(பாலையூற்றில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி இந்த மூன்றும் நமது பெரிய கோரிக்கைகள். இவற்றைப் பற்றி எல்லா மேடையிலும் பேசுகிறோம். மேடையில் யாரும் பேசாத குறைகளும் இருக்கின்றன. தினமும் கண்ணில் படுகின்றன. பழகிப்போனதால் குறையென்று தோன்றுவதில்லை. இன்று அவற்றைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம்.

நமது தொழிற்சங்க வரலாறே அப்படியொரு பார்வையில்தான் தொடங்கியது. தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் வெளியார் கால் வைக்க முடியாது. புடவை வியாபாரி போல மூட்டை சுமந்து அவர் லயங்களுக்குள் போனார் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கூலி குறைவு என்பது வெளியிலிருந்தே தெரிந்த விஷயம். சட்டம் என்ன சொல்கிறது என்பது லயத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் பலர் பார்க்காமல் விட்டது. ஒரு தோட்டத்துக் கடனைச் சீட்டில் எழுதி, தொழிலாளியை அடுத்த தோட்டத்துக்குக் கைமாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. நம் சனங்களில் பலருக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. ஆகவே நடேசய்யர் தமிழில் பத்திரிகை நடத்தினார், துண்டுப்பிரசுரம் எழுதினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் விஷயத்தைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். வாசிக்கத் தெரியாதவருக்கும் பாட்டு புரியும் அல்லவா? 1931இல் அவர் தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச் சம்மேளனத்தை உருவாக்கினார்.

இன்னொன்று. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நாட்கூலி நிர்ணயித்தார்கள். ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து கூடை கூடையாக வந்தது பெண்களின் கையால். ஆனாலும் 11 சதம் குறைவு. ஆண், பெண் சம்பளம் சமமானது 1984இல். நடுவில் 55 வருடம்! அச்சில் இருந்த அநியாயம்தான். ஆனால் ‘வழக்கம் இதுதானே’ என்று இருந்துவிட்டோம்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். செக்ரோலில் ஒரு தாயின் பெயர் செல்லாயி. அடையாள அட்டையில் செல்லம்மா. பிறப்பு அத்தாட்சிப் பத்திரமே இல்லை. வேலை செய்யும் வரை இது யாருக்கும் குறையாகத் தெரியாது. பிரட்டுக்களத்தில் எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அவர் வந்து நிற்பார். வேலையை விட்டு ஊழியர் சேமலாப நிதியைக் கேட்கும் நாளில்தான், ‘செல்லாயியும் செல்லம்மாவும் ஒருவர்தான் என்று காட்டுங்கள்’ என்பார்கள். அதற்குள் பழைய கணக்கப்பிள்ளை இருக்கமாட்டார், சாட்சி சொல்ல ஆளும் இருக்காது.

எவ்வளவு பணம் என்று பாருங்கள். 1,000 ரூபா சம்பளத்தில் நமது பங்கு 8 வீதம், 80 ரூபா. தொழில் கொடுப்பவர் 12 வீதம், 120 ரூபா போட வேண்டும். ஆக 200 ரூபா. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் 3 வீதம் கட்ட வேண்டும். அதை நம் சம்பளத்தில் வெட்டக்கூடாது. 30 வருட உழைப்பில் சேரும் பணம் ஓர் எழுத்து வித்தியாசத்தில் நின்றுவிடலாம்.

1977, 1983 வன்செயல்களில் உடுத்த துணியோடு மலையகத்தை விட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் வந்த குடும்பங்கள் ஏராளம். உயிர் தப்பினால் போதும் என்று வந்தவர்களுக்குச் சேமலாப நிதி எப்படி நினைவுக்கு வரும்? பிள்ளைகளுக்கு அப்படியொரு பணம் இருந்ததே தெரியாது. அங்கத்தவர் இறந்திருந்தால் அவர் நியமித்தவரோ உரித்தாளிகளோ கேட்கலாம். தொழில் திணைக்களத்தில் விசாரிக்க வேண்டும். தோட்டத்தின் பெயர், வேலை செய்த காலம், அங்கத்துவ இலக்கம் இருந்தால் இலக்கம். இவற்றைத் தேடி எடுங்கள். பழைய சம்பளச் சீட்டு ஒன்று கிடைத்தாலும் அது பொன்தான்.

குறையைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ‘நம் தலைவிதி’ என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்று, ஏன் என்று கேளுங்கள். பக்கத்து நான்கு வீட்டிலும் கேளுங்கள். நான்கு வீட்டிலும் அதே கதை என்றால் அது சங்கத்தின் வேலை. பிறகு அது யாருடைய மேசைக்குப் போக வேண்டும் என்று பாருங்கள்: கிராம உத்தியோகத்தரா, பிரதேச செயலகமா, தொழில் திணைக்களமா. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு இன்றிரவே ஒரு வேலை கொடுக்கிறோம். வீட்டில் உள்ள எல்லாப் பத்திரங்களையும் எடுத்து, ஒவ்வொருவர் பெயரும் எதில் எப்படி எழுதியிருக்கிறது என்று கொப்பியில் எழுதுங்கள். எழுத்து மாறிய இடத்தில் கோடு போடுங்கள். அந்தக் கொப்பியை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து வேலையைத் தொடங்குவோம்.