அயல்நாட்டு வேலையும் தரகர் சான்றும்

ஜவ்வாது மலையினின்று கூலிக்குச் செல்லும் நம்மவர், அழைத்துச் செல்பவன் யாவன் என்று வினவுவதில்லை. முன்பணம் வாங்கியவன் எங்ஙனம் வாய் திறப்பான்? 2015 ஏப்பிரல் 7-இல் சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் மாண்ட 20 பேருள் நம் மலையாரும் இருந்தனர். செம்மரம் வெட்ட வந்தோரெனப் போலீசார் கூறினர். வேறு வேலைக்கென்று சென்றோரென உறவினர் கதறினர். எவ்வேலைக்கு, யாரிடம் என்று சொல்லும் சீட்டொன்று கையிலிருத்தல் எத்துணை இன்றியமையாதது!

இனி, அயல்நாட்டு வேலையென்று தரகர் வரின், முதலில் சோதிக்கத்தக்கவர் அவரே. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அவர் மத்திய அரசின் பதிவுச் சான்று பெற்றிருத்தல் வேண்டும். அதன் எண்ணைக் கேளுங்கள். சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்குக் கூலிவேலைக்குச் செல்ல அவ்வலுவலக அனுமதியும் வேண்டும்.

சுற்றுலா விசா வேலைக்கு உரிமை தருவதன்று. ‘அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்பவனை நம்பற்க. எம்மிடம் பயின்றான் ஒருவன் அத்தகைய விசாவொன்றைக் கொணர்ந்து காட்டினான். ‘விசிட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ்ப் பண்டிதராகிய யாமே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டோம்! அவன் போகவில்லை, கொடுத்த பணமும் மீளவில்லை.

பணம் கொடுக்குமுன் தாளோடு மாலையில் பள்ளிக்கு வாருங்கள்; படித்துச் சொல்வோம்.