குண்டளைப் பள்ளத்தாக்கில் மறைந்த இருப்புப்பாதை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ரயில்வே எழுத்தனாகிய எனக்குச் சரக்குச் சீட்டும் வண்டிக் கணக்கும் பழக்கமேயன்றி, மேடைப் பேச்சுப் பழக்கமில்லை. ஆயினும், சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு மூணாறு சென்று, மாட்டுப்பட்டி வழியாக வட்டவடை வரை ஒரு நாள் ஜீப்பில் சுற்றி வந்ததைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். மலையழகைப் பாடப் புலவர் பலர் உளர். நான் அம்மலையில் மறைந்துபோன ஓர் இருப்புப்பாதையைப் பற்றிச் சொல்லவே விரும்புகிறேன். அது நம் தொழிலுக்கும் உறவு. நம் மக்களுக்கும் உறவு.

1877-ஆம் ஆண்டில் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் குத்தகைக்குப் பெற்றார். நாளடைவில் காடு தேயிலைத் தோட்டமாயிற்று. தேயிலை விளைந்தால் மட்டும் போதுமா? மலையை விட்டு இறங்க வேண்டுமே! அதற்கு அன்று கண்ட வழி கிழக்கு வழி. அதாவது நம் போடிநாயக்கனூருக்கு இறங்கும் வழி. எனவே 1902-இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு நெடுக ஓர் ஒற்றைத் தண்டவாளம் இடப்பட்டது. பாரத்தின் பெரும்பகுதியைத் தண்டவாளத்தின்மேல் ஓடும் சிறு சக்கரங்கள் தாங்கும், வண்டி சாயாமல் பக்கத்துப் பெருஞ்சக்கரம் ஒன்று தரையில் உருண்டு வரும், இழுப்பவை மாடுகள். இதே முறையில் 1907 முதல் 1927 வரை படியாலா சமஸ்தானத்தில் ஓடிய வண்டியின் எஞ்சினை இந்தத் தலைநகரிலேயே, சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகத்தில், நம் பிள்ளைகள் காணலாம்.

1908-இல் ஒற்றைத் தண்டவாளம் நீங்கி, இரண்டடி அகலப் பாதையும் நீராவி எஞ்சினும் வந்தன. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்பன நிலையங்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து போடிக்கு மாட்டுவண்டி.

1924 ஜூலையில் பெருமழை பெய்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலால், மலையாள நாட்டார் இன்றும் அதனைத் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்பர். மாட்டுப்பட்டிப் பக்கம் மலை சரிந்து ஆற்றை அடைத்துப் பின் உடைந்தது என்று மூணாற்றுப் பெரியோர் சொல்வர். பாதை அழிந்தது, மீண்டும் போடப்படவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததோ 1928-இல்! மேலிருந்த ரயிலும் கீழிருந்து வந்த ரயிலும் ஒன்றையொன்று காணவேயில்லை. போடிப் பாதை 2023-இல் அகலப் பாதையாகப் புத்துயிர் பெற்றது. மலைப்பாதைக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

இனி எங்கள் பயணம். மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி ஏறத்தாழ 13 கிலோமீட்டர். பள்ளிவாசல் மின்திட்டத்தின் அணையும், 1963-இல் சுவிட்சர்லாந்து நாட்டின் துணையோடு தொடங்கிய மாட்டுப் பண்ணையும் அங்கே உள்ளன. ஜீப் ஓட்டியவர் தோட்டத் தொழிலாளியின் மகன். நல்ல தமிழ் பேசினார். குண்டளை ஏரி கடந்ததும், தேயிலைச் சரிவில் மேடுபள்ளமின்றி வளைந்து செல்லும் ஒரு விளிம்பைக் காட்டி, "ஐயா, இது ரயில் போன தடம்" என்றார். வண்டியை நிறுத்தச் சொல்லி, நானும் பிள்ளைகளும் அதன்மேல் சிறிது தூரம் நடந்தோம். ஏற்றம் காலுக்குத் தெரியவில்லை. சங்கிலி பிடித்து அளந்து, மண்வெட்டியால் மலையைச் செதுக்கிய வேலை அது.

டாப் ஸ்டேஷன் தாண்டி, பாம்பாடும் சோலைக் காட்டின் ஊடே சென்றால் கோவிலூர், வட்டவடை. அங்கே தார்ச்சாலையை விட்டு ஜீப் வயல் வழியில் இறங்கியது. குழியும் கல்லும் சேறுமாய் இருந்த அவ்வழியில், பிள்ளைகள் கம்பியைப் பற்றிக்கொண்டு சிரித்தார்கள். என் மனைவி முருகனை அழைத்தாள்! படிப்படியாய் அடுக்கிய வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளைகின்றன. அவ்வூர்ப் பூண்டு புவிசார் குறியீடு பெற்றது. வயலிலும் கடையிலும் எங்கள் காதில் விழுந்தது தமிழே.

அன்பர்களே! குத்தகை எடுத்தவர் பெயர் நூலில் உண்டு. மலையைச் செதுக்கித் தண்டவாளம் சுமந்தவர் பெயர் எங்கே? மதுரைச் சீமையிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் கங்காணியின் பின்னே மலையேறிய நம் மக்கள் அவர்கள். தலைமுறை தலைமுறையாய் அங்கே உழைத்தும், வேலை ஓய்ந்த நாளில் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை அவர்தம் வழித்தோன்றல்களுக்கு இன்றும் உண்டு. 2020 ஆகஸ்டு 6 இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது மாண்டவர் எழுபதின்மர், பெரும்பாலும் தமிழர். அவர்கள் பெயரையேனும் செய்தித்தாள்கள் அச்சிட்டன. 1924-இல் அள்ளுண்டு போனவர்க்கு அதுவும் வாய்த்ததா?

ஒரு மூட்டை காணாமற்போனாலும் பதிவேட்டில் எழுதி வைக்கும் தொழில் நம்முடையது. மனிதர் பெயர் விடுபடலாமோ? இக்காலனியிலும் மூணாற்று மலையோடு உறவுடைய குடும்பங்கள் சில உண்டு. உங்கள் இல்லத்துப் பாட்டியாரிடம் கேளுங்கள்: மலையேறியவர் யார், எந்த ஊரார், எந்தத் தோட்டம், என்ன வேலை? ஒரு தாளில் எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். அடுத்த ஆண்டு மலரில் நான்கு பக்கம் அதற்கென ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவைப் பணிந்து வேண்டுகிறேன். பெயர்களைத் தொகுத்துப் படியெடுக்கும் எழுத்து வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். பாட்டியார் நினைவு உள்ளபோதே கேட்டுவிட வேண்டும்.

 வாழ்க தமிழ்!