சூலையும் நீற்றறையும்



துன்பம் வந்தால்தான் சிலருக்குத் தெய்வ நினைவு வருகிறது என்று குறை கூறுவது உலக வழக்கு. அச்சத்தில் எழும் வேண்டுதல் தன்னலத்தின் குரல், அது பக்தி ஆகாது என்பது அதன் உட்கருத்து. இதனை மறுக்க, ஏழாம் நூற்றாண்டுத் திருநாவுக்கரசரையே சான்றாக அழைக்கின்றேன்.

சமண சமயத்தில் தருமசேனராக விளங்கிய அவரைச் சிவநெறிக்குத் திருப்பியது தத்துவ ஆராய்ச்சியன்று, வயிற்றைக் குடைந்த சூலை நோய் என்கிறது பெரிய புராணம். தமக்கை திலகவதியாரைச் சரணடைந்து, திருவதிகை வீரட்டானத்தில் அவர் பாடிய பதிகமே நான்காம் திருமுறையின் தொடக்கம். அங்கே வலியை அவர் மறைக்கவில்லை. நோய் உடலுக்குள் செய்யும் கொடுமையைச் சொல்கிறார். பொறுக்க இயலவில்லை என முறையிடுகிறார்.

பின்னர்ப் பல்லவ மன்னன் ஆணையால் ஏழு நாள் நீற்றறையில் அடைக்கப்பட்டார் என்பது சேக்கிழார் வாக்கு. அப்போது பாடியதாகச் சொல்லப்படும் பதிகத்தின் முதற்பாட்டில் வெம்மையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வீணை, மாலை நிலவு, தென்றல், இளவேனில், வண்டு முரலும் பொய்கை ஆகிய ஐந்தும் இறைவன் திருவடி நிழலுக்கு உவமையாகின்றன.

இந்நிகழ்ச்சிகள் வரலாறா, புராணமா என்பது ஆராய்ச்சியாளர் வினா. நமக்கு இரு பதிகங்களும் கையில் உள்ளன. நீற்றறையில் நிலவைக் கண்டவர், முன்பு சூலையில் கதறியவரே. அந்தக் கதறலைத் தாழ்ந்தது எனத் தள்ளியிருந்தால் இந்த நிலவும் நமக்குக் கிட்டியிராது.

வேண்டியவர் அனைவரும் பிழைப்பதில்லை. இதை நாம் அறிவோம். ஆயின் அச்சம் முதலில் பறிப்பது மனிதனின் சொல்லை. கேட்பார் ஒருவர் உண்டு என நம்பி வாய் திறக்கும்போது அச்சொல் மீள்கிறது. மீண்ட சொல், பிழைத்தாலும் பிழையாவிட்டாலும், அவனுடையது.

அறுவை அறையின் மூடிய கதவுக்கு வெளியே கைகூப்பி நிற்பவரிடம், 'இன்றுதான் கடவுள் நினைவு வந்ததா?' எனக் கேளாதிருப்போம். நிலவைப் பாடு என்றும் அவரைப் பணியாதிருப்போம். தடுமாறும் அச்சொற்களுக்கும் நம் கவிதையில் இடம் வேண்டும். தேவாரத்தில் அதற்கு இடம் இருந்தது.