எட்டணா டிக்கெட்டும் இலவசக் குடையும்



நியாயமில்லாத வணிகப் போட்டியைப் பற்றியும் அதற்கான சட்டத்தைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். வேறு ஊராக இருந்தால் சட்டப் புத்தகத்தைப் பிரித்திருப்பேன். தூத்துக்குடியில் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றாலே போதும்.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஊர் ஊராக அலைந்து பங்கு சேர்த்தவர் ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ.சி. எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. கொழும்புப் பாதையைக் கையில் வைத்திருந்த பெரிய முதலாளி அது. நம் ஆட்களுக்குத் தொடக்கத்தில் சொந்தக் கப்பல் கிடையாது, ஷா லைன் என்ற கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தார்கள். பெரிய கம்பெனி நெருக்கியதும் ஷா லைன் கையை விரித்துவிட்டது. வ.உ.சி. இலங்கையில் வேறு கப்பல் பிடித்து ஓட்டினார். 1907இல் காலியா, லாவோ என்று இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்து சேர்ந்தன.

அப்புறம்தான் கட்டணச் சண்டை. வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசி எட்டணா என்றது. உடனே அவர்கள், காசே வேண்டாம், சும்மா வந்து ஏறு என்றார்கள். ஏறினவர்களுக்கு ஆளுக்கொரு குடையும் கொடுத்தார்கள் என்று இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம்.

கூலிக்குப் போகிறவன், துணிமூட்டையும் பிள்ளையுமாகக் கரையில் நிற்கிறவன், இலவசத்தை வேண்டாம் என்பானா? அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானாக இருந்தாலும் குடையை வாங்கியிருப்பேன்.

அப்படியானால் இதில் ஏமாற்று எங்கே? இந்தக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த நாளில் சிப்பியைத் திறக்காமலே ஏலம் விடுவார்கள். 1961இல்தான் கடைசியாகக் குளித்தார்கள், பார்த்தவர்கள் சிலர் இங்கே இருக்கலாம். சிப்பிக்குள் முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. சூது என்று சொல்லுங்கள், ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஒரு பக்கத்துக்கு மட்டும் உள்ளே இருப்பது தெரிந்தால்தான் அது ஏமாற்று. குடையை நீட்டினவனுக்கு அது எதற்கு என்று தெரியும். வாங்கினவனுக்குத் தெரியாது.

‘வ.உ.சி. வக்கீல்தானே, கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே?’ என்று ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. 1885இல் சீனாவிலிருந்து தேயிலை ஏற்றும் கப்பல் கம்பெனிகள் சில கூட்டுச் சேர்ந்துகொண்டன. மொகல் என்ற கம்பெனியைச் சேர்க்கவில்லை. அதன் கப்பல் போன துறைக்கெல்லாம் தங்கள் கப்பலை அனுப்பிச் சரக்குக் கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கின. தங்களிடம் மட்டுமே சரக்கு கொடுப்பவர்களுக்குத் தள்ளுபடியும் தந்தன. மொகல் வழக்குப் போட்டது. லண்டனில் பிரபுக்கள் சபை 1891 டிசம்பரில் சொன்ன தீர்ப்பு: இது வெறும் வியாபாரப் போட்டி, குற்றமில்லை. மேலே அந்தத் தீர்ப்பு உட்கார்ந்திருக்கும்போது எந்தப் படியில் ஏறுவார் நம் வக்கீல்?

சுதந்திர இந்தியாவில் 1969இல்தான் ஏகபோகத்தைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. பிறகு 2002இல் போட்டிச் சட்டம். அதன் நான்காம் பிரிவு, ஆதிக்க நிலையில் இருப்பவர் போட்டியாளரை ஒழிக்கும் எண்ணத்தோடு அடக்கச் செலவுக்கும் கீழே விற்பதைத் தடுக்கிறது. இதில் ‘ஆதிக்க நிலை’ என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். புதிதாகக் கடை திறக்கிறவர் பத்து நாள் விலை குறைத்தால் இந்தப் பிரிவு அவர் மேல் பாயாது. சுதேசியும்தானே எட்டணாவுக்கு இறங்கியது என்பவர்களுக்கு இதுவே பதில்.

காகிதச் சட்டம்தானே என்று நினைக்க வேண்டாம். தேசியப் பங்குச் சந்தை 2008 முதல் அந்நியச் செலாவணி வாயிதா வியாபாரத்துக்குக் கட்டணமே வாங்கவில்லை. வேறு வருமானம் கொழித்த பெரிய சந்தைக்கு அது தாங்கும். அந்த வியாபாரத்தையே நம்பியிருந்த எம்.சி.எக்ஸ்.-எஸ்.எக்ஸ். என்ற போட்டிச் சந்தை புகார் கொடுத்தது. 2011இல் போட்டி ஆணையம் 55.5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. சும்மா ஏற்றிக்கொள்வதும் குற்றமாகலாம் என்று சொல்ல நமக்கு ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

பெரிய கம்பெனிகளையே சொல்லிக்கொண்டிருந்தால் நீங்கள் கைதட்டுவீர்கள், நான் தப்பித்துக்கொள்வேன். நம் பக்கமும் வருகிறேன். போன மாதம் ஒரு கடையில் உடன்குடி என்று எழுதி வைத்திருந்த கருப்பட்டியை வாங்கி வந்தேன். அம்மிக் குழவியால் தட்டி உடைத்தேன். உள்ளே மணல் மாதிரி சீனி மினுங்கியது. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023இலும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயரைத் திருடினால் இப்போது வழக்குத் தொடரலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொய் விளம்பரத்துக்கும் தண்டனை இருக்கிறது. ஆனால் விடிகாலையில் பனையேறிப் பதநீர் இறக்கிக் காய்ச்சுகிறவர் எந்த ஆணையத்தின் வாசலுக்குப் போவார்? அவருக்காகப் போக வேண்டியது இந்த மண்டபத்தில் இருக்கும் சங்கங்கள்தான். நிர்வாகிகள் முன்வரிசையில் இருக்கிறார்கள், கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

சுதேசிக் கப்பலின் மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1911இல் கம்பெனியைக் கலைத்தார்கள். காலியாவை விலைக்கு வாங்கியது, எந்தக் கம்பெனியை எதிர்த்து அது ஓடியதோ அதே கம்பெனி. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது ஓட்டுவதற்குக் கப்பல் இல்லை.

அந்தக் குடைகளில் ஒன்றாவது இந்த ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் தயவுசெய்து எடுத்துவந்து காட்டுங்கள். என்ன விலை போயிருக்கும் என்று ஒருமுறை விரித்துப் பார்க்க ஆசை.