கேடயம் சுமந்தவர்கள்

கி. மு. 480ஆம் ஆண்டுக் கோடையிலே, தேர்மோப்பிலே கணவாயிற் பாரசீகப் பெரும்படையை எதிர்த்து நின்ற ஸ்பார்ட்டா வீரருள் இருவர் கண்நோயால் வருந்தினர். அரசன் லியோனிடாஸ் அவர்களுக்கு விடைகொடுத்துவிட்டான். இருவரும் அயலூரொன்றிற் படுத்திருந்தனர். பகைவர் மலைப்பாதை வழியே வந்து சூழ்ந்துவிட்டனர் என்ற செய்தி எட்டியதும், அவர்களுள் யூரிட்டஸ் என்பவன் தன் படைக்கலங்களைக் கேட்டு வாங்கி அணிந்தான். தன்னைக் களத்துக்கு அழைத்துச் செல்லுமாறு தன் பணியாளுக்குக் கட்டளையிட்டான். அப்பணியாள் அவனைக் களம்வரை கொண்டுவந்து விட்டான், விட்டதும் ஓடிப்போனான். யூரிட்டஸ் பகைவர் கூட்டத்தினுட் பாய்ந்து மடிந்தான்.

மற்றவன் அரிஸ்டோடெமஸ். அவன் உயிரோடு ஊர் திரும்பினான். ஸ்பார்ட்டாவில் அவனுக்கு ஒருவரும் அடுப்பு மூட்ட நெருப்புக் கொடுக்கவில்லை; ஒருவரும் அவனோடு பேசவில்லை. நடுங்கி என்பதே அவன் பெயராயிற்று. மறு ஆண்டு பிளாட்டீயாப் போரிலே வரிசையைவிட்டு முன்பாய்ந்து, எல்லோரினும் தீரமாகப் பொருது அவன் மாண்டான். அப்போதும் ஸ்பார்ட்டர், சாவை வேண்டியே இவன் பொருதான் என்று கூறி, அவனுக்குரிய சிறப்பை மறுத்துவிட்டனர்.

இவற்றை நமக்குச் சொல்பவர் ஹெரோடோட்டஸ். மாண்டவனுக்கும் மீண்டவனுக்கும் அவர் பெயர் சொல்கிறார். கண் தெரியாதவனைக் களத்துக்குக் கொண்டுவந்தவன் பெயரைச் சொல்லவில்லை. அவன் ஒரு ஹெலட். ஸ்பார்ட்டரின் நிலத்தை உழுது, போர்க்காலத்திலே அவர்தம் கேடயத்தையும் சுமந்த அடிமைக் குடியைச் சேர்ந்தவன். ஸ்பார்ட்டாவைப் பற்றிய சரித்திர நாவல் எதைக் கையிலெடுத்தாலும், அந்தப் பெயரற்றவனுக்கு அதிலே என்ன இடம் என்று பார்ப்பது நல்லதோர் உரைகல்லாகும்.

நாவலாசிரியர் ஸ்பார்ட்டாவை நாடுவதற்குக் காரணம் உண்டு. டிர்ட்டேயஸ், அல்க்மான் என்னும் பழங்கவிஞர் இருவரை விட்டால், ஸ்பார்ட்டர் தம்மைப்பற்றித் தாமே எழுதி வைத்தது மிகக் குறைவு. ஹெரோடோட்டஸ், தூசிடிடீஸ், செனபன் ஆகிய யாவரும் பிறவூரார். நாம் ஸ்பார்ட்டா என்றதும் நினைக்கும் கதைகளிற் பெரும்பாலானவற்றைத் தந்த புளூட்டாக்கோ, தேர்மோப்பிலேப் போருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற் பிந்தியவர். உள்ளே இருந்தவன் வாய் திறக்காத வீட்டைப்பற்றி ஊரார் ஆயிரம் பேசுவர் அல்லவா? அந்த மௌனத்திலேதான் நாவலுக்கு இடம் கிடைக்கிறது.

அமெரிக்கரான ஸ்டீவன் பிறெஸ்பீல்ட் 1998இல் வெளியிட்ட ‘கேட்ஸ் ஒவ் ஃபயர்’ என்னும் நாவல் இவ்வகையிற் பெரும்புகழ் பெற்றது. அமெரிக்க மரீன் படையினரின் வாசிப்புப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. தேர்மோப்பிலேயிற் குற்றுயிராகப் பாரசீகர் கையிற் சிக்கிய ஒருவன், இவர்கள் எத்தகைய மனிதர் என்று அறிய விரும்பிய பேரரசன் செர்க்சஸின் பொருட்டுக் கதை சொல்வதாக நூல் அமைந்துள்ளது. இவ்வமைப்பு வெறும் உத்தியன்று. ஸ்பார்ட்டாவைப் புரிந்துகொள்ள விரும்பும் அந்நியனின் இடத்திலே வாசகனை அது இருத்திவிடுகிறது.

இந்நூலின் சிறப்புப் போர்க்காட்சிகளில் இருக்கிறது. அதிலும், வீரத்தைக் காட்டிலும் வேலையைக் காட்டுவதில் இருக்கிறது. கிரேக்கக் காலாள் தன் இடக்கையில் ஏந்திய வட்டக் கேடயம் அவனை மட்டுமன்றித் தன் இடப்பக்கத்தில் நிற்பவனின் வலப்பாதியையும் மறைத்தது. ஆகவே தலைக்கவசத்தை இழந்தவன் தனக்கே கேடு செய்தான். கேடயத்தை எறிந்தவன் அயலவனைக் காட்டிக்கொடுத்தான். ஸ்பார்ட்டாவிலே கேடயத்தை இழத்தல் ஏன் அவ்வளவு பெரிய இழிவாயிற்று என்பதைச் சரித்திர நூலொன்று ஒரே வாக்கியத்திற் சொல்லிவிடும். நாவலோ வாசகனை அந்த வரிசையிலேயே நிறுத்தி, பின்னால் நிற்பவன் தள்ளத் தள்ள, வியர்வையும் புழுதியுமாக அதை உணரச் செய்கிறது. அச்சம் என்றால் என்ன, அதற்கு எதிர்ப்பதம் யாது என்று இதன் மாந்தர் ஓயாது விசாரிக்கின்றனர். சில இடங்களில் விசாரம் சற்று நீண்டுவிடுகிறது என்பதும் உண்மை.

கதை சொல்பவன் ஒரு பணியாள்; ஆனால் ஹெலட் அல்லன். தன் ஊர் அழிந்தபின் தானே விரும்பி ஸ்பார்ட்டாவை நாடி வந்தவன். விரும்பி வந்தவனுடைய கண்ணுக்கு அந்த நகரம் எப்படித் தோன்றுமோ, அப்படியே நூலிலும் பெரும்பாலும் தோன்றுகிறது. ஸ்பார்ட்டரை வெறுக்கும் ஹெலட் இளைஞன் ஒருவனும் இதிலே வருகிறான். ஆசிரியர் அடிமைகளை மறந்தார் என்று குற்றஞ்சாட்டுதல் தகாது. ஆயினும் நூலை மூடிய பின்னர் வாசகன் நெஞ்சில் நிற்பவர் முந்நூற்றுவரே.

மறுபக்கத்தைக் காண விரும்புவோர், இத்தாலியத் தொல்பொருளறிஞர் வலேரியோ மன்பிரெடி 1988இல் எழுதிய ‘தாலோசின் கேடயம்’ என்னும் நாவலைப் படிக்கலாம். உயர்குடியிற் காலூனத்தோடு பிறந்த குழந்தையை, நாட்டு வழக்கப்படி, தந்தை டைகெட்டஸ் மலையில் விட்டுவிடுகிறான். முதிய ஹெலட் ஒருவன் அதனை எடுத்து வளர்க்கிறான். மூத்தவன் போர்வீரனாகிறான், இளையவன் ஆடு மேய்க்கிறான். இரத்தம் ஒரு பக்கமும் வளர்ப்பு ஒரு பக்கமும் இழுக்க, நடுவில் நிற்பவன் கதை அது. நடையழகிற் பிறெஸ்பீல்டுக்கு ஒரு படி கீழென்றே சொல்லவேண்டும். உழுபவன் குடிசையிலிருந்து ஸ்பார்ட்டாவைப் பார்ப்பதில் ஒரு படி மேல்.

ஆனால் இங்கே ஒரு சொல். குறையுள்ள குழந்தைகளை ஸ்பார்ட்டர் மலையடிவாரத்துப் பள்ளத்தில் எறிந்தனர் என்பது புளூட்டாக் தரும் செய்தி. அத்தகைய இடமென்று கருதப்பட்ட குகையொன்றை ஆராய்ந்தபோது கிடைத்தவை வளர்ந்தோரின் எலும்புகளே. நாவலின் மூலக்கல்லே ஐயத்துக்குரியது என்பதை அறிந்து படித்தால், சுவை குறையாது, அறிவு மயங்காது.

ஐயத்துக்கு அதிகம் இடமில்லாத செய்திகள், நாவலாசிரியர் புனையத் துணியாத அளவு கொடியவை. ஸ்பார்ட்டாவின் அதிகாரிகள் ஆண்டுதோறும் பதவியேற்றதும் ஹெலட்டுகள் மீது போர் அறிவித்தனர் என்றும், அதனால் அவர்களைக் கொல்லுதல் பாவமாகாதெனக் கொண்டனர் என்றும் அரிஸ்டோட்டில் கூறியதாக அறிகிறோம். தூசிடிடீஸ் கூறுவது இதனினும் துயரமானது. போரிலே தமக்குச் சிறந்த பணி புரிந்தோம் என்று கருதும் ஹெலட்டுகள் முன்வரலாம், விடுதலை அளிப்போம் என்று ஸ்பார்ட்டர் ஒருமுறை அறிவித்தனர். ஏறக்குறைய 2,000 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் மாலை சூடி, விடுதலை பெற்றோமென மகிழ்ந்து கோயில்களைச் சுற்றி வந்தனர். சில நாளில் அவர்கள் காணாமற்போயினர். ஒவ்வொருவனும் எவ்வாறு மாண்டான் என்பது எவருக்கும் தெரியவில்லை. விடுதலையை முதலிற் கேட்கத் துணிபவனே முதலில் எதிர்க்கவும் துணிவான் என்று ஸ்பார்ட்டர் கணக்கிட்டனர்.

ஏழு வயதில் தாயைப் பிரித்து, பசியிலும் குளிரிலும் சிறுவரைப் பழக்கிய அந்தப் பயிற்சியை இந்த அச்சத்தோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். உழைக்க ஹெலட்டுகள் இருந்தமையாற் குடிமகன் முழுநேரப் போர்வீரனாக முடிந்தது. ஹெலட்டுகள் இருந்தமையாலேயே அவன் எந்நேரமும் போர்வீரனாக இருக்கவும் வேண்டியதாயிற்று. பிளாட்டீயாவிலே 5,000 ஸ்பார்ட்டருடன் 35,000 ஹெலட்டுகள் சென்றனர் என்கிறார் ஹெரோடோட்டஸ், ஒருவனுக்கு எழுவர். கி. மு. 371இல் லியூக்ட்ராவிலே தீபஸ் நகரத்தார் ஸ்பார்ட்டாவை முறியடித்தபின், கி. மு. 369இல் மெசீனியா ஹெலட்டுகளுக்கென மெசீன் நகரம் எழுந்தது. அதன் கல்மதில்கள் இன்றும் நிற்கின்றன.

தேர்மோப்பிலேயில் எல்லாம் முடிந்தபின், வெற்றி பெற்ற செர்க்சஸ் தன் கடற்படையினரை அழைத்துக் களத்தைக் காட்டினான். தன் பக்கத்தில் இறந்த 20,000 பேரில் ஆயிரவரை மட்டும் வெளியே விட்டு, எஞ்சியோரைப் புதைத்து மறைத்துவிட்டான். படகுகள் போதாத அளவுக்கு மக்கள் திரண்டு வந்து கிரேக்கப் பிணங்களைப் பார்த்தனர். கிடந்தவர் யாவரும் ஸ்பார்ட்டரும் தெஸ்பியரும் என்றே எண்ணினர். அவர்கள் நடுவே ஹெலட்டுகளும் கிடந்தனர் என்கிறார் ஹெரோடோட்டஸ். பார்த்துச் சென்றவர் எவருக்கும் வேற்றுமை தெரியவில்லை.